49 ஓட்டு: ராதாபுரம் அப்பாவுவின் தேர்தல் கணக்கும் திறக்காத தபால் உறைகளும்

2016 சட்டமன்றத் தேர்தல் ஓட்டுகள் மே 19 அன்று எண்ணப்பட்டன. ராதாபுரம் தொகுதியில் அதிமுக வேட்பாளர் ஐ.எஸ்.இன்பதுரை 69,590 ஓட்டுகளும் திமுக வேட்பாளர் மு.அப்பாவு 69,541 ஓட்டுகளும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 49. நெல்லைச் சீமையில் இன்றைக்கும் தேர்தல் பேச்சு வந்தால் "ராதாபுரம் 49" என்று சொன்னால் போதும், எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் இந்த முடிவை எதிர்த்து அப்பாவு போட்ட வழக்கின் உயிர் 49 என்ற எண்ணில் இல்லை, 203 என்ற எண்ணில் இருக்கிறது. கூடவே ஓர் அதிகாரி போட வேண்டிய சான்றொப்பம் சரியில்லை என்று நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுகள் 203. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், ஒரே தொகுதியில் நான்கு முறை ஜெயித்த அப்பாவுவின் அரசியல் பயணத்தில் ஐந்து ஆண்டுகள் எப்படிப் போயின என்பது விளங்கும்.

முதலில் ஊர்

ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியின் எண் 228. நெல்லை மாவட்டத்தின் தென்கோடி. மேற்கே மலையடிவாரத்தில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு. நடுவில் ராதாபுரம், வடக்கன்குளம், பழவூர் என்று மானாவாரிக் காடும் குளத்துப் பாசனமும் கலந்த ஊர்கள். கிழக்கே செம்மண் தேரிக்காட்டை ஒட்டிய திசையன்விளை. தெற்கே கூடங்குளம், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி என்று கடற்கரை. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் என்ஜின் சோதனை நிலையம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், வெட்டவெளி முழுக்கக் காற்றாலைகள். இத்தனை பெரிய நிறுவனங்கள் இருந்தும் இங்கே ஓட்டுக் கேட்டு வருகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி தண்ணீர்தான்.

ராதாபுரம் கால்வாய்க்குத் தண்ணீர் வருவது குமரி மாவட்டத்துக் கோதையாறு பாசனத்திலிருந்து. பேச்சிப்பாறைத் தண்ணீர் தோவாளைச் சானல் வழியாக வந்து சேர வேண்டும். அரசாணைப்படி ஜூன் 16 முதல் அக்டோபர் 31 வரை விநாடிக்கு 150 கன அடி. அதை நம்பி இருப்பவை 52 குளங்கள், சுமார் 17,000 ஏக்கர். கடைமடை என்பதால் மேலே யார் எடுத்தாலும் இங்கே குறையும். ஆண்டுதோறும் குமரி விவசாயிகளுக்கும் ராதாபுரத்து விவசாயிகளுக்கும் இழுபறி. இன்னொரு பக்கம், தாமிரபரணியில் வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் உபரி நீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு வழியாகத் திசையன்விளை வட்டாரத்துக்குக் கொண்டுவரும் திட்டம். சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய். 2009இல் வேலை தொடங்கியது, 2025 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. தொடங்கியபோது அப்பாவு ராதாபுரத்தின் உறுப்பினர். திறந்தபோது அவர் சட்டப்பேரவைத் தலைவர். இடைப்பட்ட பத்தாண்டுகள் அவர் சபையிலேயே இல்லை.

நான்கு வெற்றி, மூன்று கொடி

அப்பாவு முதன்முதலில் சட்டமன்றத்துக்குப் போனது 1996இல், தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக. மூப்பனார் காங்கிரஸை உடைத்துக்கொண்டு வந்து திமுகவுடன் சேர்ந்து நின்ற தேர்தல் அது. அந்த அலையில் தமாகாவுக்குக் கிடைத்த 39 இடங்களில் ராதாபுரமும் ஒன்று. அலையில் ஜெயித்தவரை அலைதான் ஜெயிக்கவைத்தது என்று சொல்லிவிடலாம். 2001 தேர்தல் அந்தப் பேச்சுக்கு இடம் வைக்கவில்லை. தமாகா அதிமுக அணிக்குப் போனது, தொகுதிப் பங்கீட்டில் ராதாபுரம் அவருக்குக் கிடைக்கவில்லை. சுயேச்சையாக நின்றார், ஜெயித்தார்.

சுயேச்சையாக ஜெயிப்பது எவ்வளவு கடினம் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்புமனுவை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும், ஒருவருடைய வரிசை எண் தப்பினாலும் மனு தள்ளுபடி. அதைவிடப் பெரிய சிரமம் சின்னம். கட்சி வேட்பாளருக்குச் சின்னம் பிறவியிலேயே இருக்கிறது. சுயேச்சைக்கு மனு வாபஸ் பெறும் நாள் முடிந்த பிறகுதான் ஒதுக்குவார்கள். அதிலிருந்து ஓட்டுப் பதிவுக்குச் சுமார் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்துக்குள் உவரிக் கடற்கரையிலிருந்து பணகுடி மலையடிவாரம் வரை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தப் படம் கண்ணில் பதிய வேண்டும். இதைச் செய்து முடிப்பதற்குக் கட்சி தந்த செல்வாக்கு போதாது. ஊர் ஊராகச் சொந்த ஆள் வேண்டும். என் கணிப்பில் அப்பாவுவின் அரசியல் பலத்துக்கு மிகத் தெளிவான சான்று 2001 தேர்தல்தான், சபாநாயகர் நாற்காலிகூட அதற்குப் பிறகே வருகிறது.

2006இல் திமுக வேட்பாளராக மூன்றாவது வெற்றி. 2011இல் கூட்டணிக் கணக்கில் தொகுதி காங்கிரஸுக்குப் போனது. அதிமுக அணியில் நின்ற தேமுதிகவின் மைக்கேல் ராயப்பன் ஜெயித்தார். 2016இல் மீண்டும் அப்பாவு, எதிரே வழக்கறிஞரான இன்பதுரை. 49 ஓட்டில் தோல்வி. 2021 ஏப்ரலில் அதே இருவர் மறுபடியும் மோதினார்கள். இந்த முறை அப்பாவு 5,925 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மே 12 அன்று சபாநாயகரானார். இன்பதுரை 2025இல் அதிமுக சார்பில் மாநிலங்களவைக்குப் போனார்.

தபால் ஓட்டு எப்படி வருகிறது

49 ஓட்டு வழக்கைப் புரிந்துகொள்ள, 2016இல் இருந்த முறைப்படி ஒரு தபால் ஓட்டு போடப்பட்டு எண்ணப்படும் வழியை அடி அடியாகப் பார்க்க வேண்டும்.

சட்டமன்றத் தேர்தலில் பணிக்குப் போகும் ஆசிரியர், அரசு ஊழியர், போலீஸ்காரர் ஆகியோரைச் சொந்தத் தொகுதியில் பணிக்குப் போடுவதில்லை. பிறகு அவர்கள் எப்படி ஓட்டுப் போடுவது? படிவம் 12இல் விண்ணப்பித்துத் தபால் ஓட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வருகிற கட்டில் ஓட்டுச்சீட்டோடு நான்கு பொருள்கள் இருக்கும். 13ஏ என்பது உறுதிமொழித் தாள். 13பி சின்ன உறை, அதாவது உள்ளுறை. 13சி பெரிய உறை, வெளியுறை. 13டி எப்படிப் போட வேண்டும் என்ற விளக்கத் தாள்.

ஓட்டுச்சீட்டில் குறியிட்டு உள்ளுறைக்குள் போட்டு ஒட்ட வேண்டும். உறையின் மேல் ஓட்டுச்சீட்டின் வரிசை எண் இருக்க வேண்டும். பிறகு 13ஏ தாளில் பெயர், முகவரி, அதே வரிசை எண் எழுதி, ஓர் அதிகாரியின் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். "இவர் என் முன்னிலையில் கையெழுத்திட்டார்" என்று அந்த அதிகாரி சான்றொப்பமிட்டு, பெயர், பதவி எழுதி, முத்திரை வைக்க வேண்டும். அதன் பிறகு ஒட்டிய உள்ளுறையையும் 13ஏ தாளையும் தனித்தனியாக வெளியுறைக்குள் போட வேண்டும். எண்ணிக்கை நாள் காலை எண்ணத் தொடங்கும் நேரத்துக்குள் அது தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் உறையைத் திறக்க மாட்டார்கள்.

எண்ணும் மேசையில் நடப்பது இது. முதலில் வெளியுறையைத் திறப்பார்கள். உள்ளே 13ஏ தாள் இருக்கிறதா, கையெழுத்து உண்டா, சான்றொப்பம் சரியா, தாளில் உள்ள எண்ணும் உள்ளுறை மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். இதில் ஒன்று பிசகினாலும் ஓட்டு நிராகரிக்கப்படும். அப்படி நிராகரித்தால் உள்ளுறையைத் திறக்கவே மாட்டார்கள். உள்ளே இருக்கும் ஓட்டு யாருக்கு என்பது அந்த மேசையில் யாருக்கும் தெரியாது. சரியாக இருக்கும் 13ஏ தாள்களை எல்லாம் முதலில் தனிக்கட்டாகக் கட்டி முத்திரை வைத்த பிறகே உள்ளுறைகளைத் திறப்பார்கள். இன்னார் இன்னாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பொருத்திப் பார்க்க வழி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை.

தப்பு நடக்கும் இடங்கள் எப்போதும் இவையே. அவசரத்தில் 13ஏ தாளையும் உள்ளுறைக்குள் வைத்து ஒட்டிவிடுவார்கள். வெளியுறையைத் திறந்தால் தாளைக் காணோம், ஓட்டு போச்சு. வரிசை எண்ணில் ஒரு இலக்கம் மாறும். அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார், பதவி எழுதியிருக்க மாட்டார், முத்திரை இருக்காது. ஊருக்கே தேர்தல் நடத்தப் பயிற்சி பெற்றவர்களின் ஓட்டில்தான் செல்லாத ஓட்டு இப்படிக் கூடுகிறது என்பது வருத்தமான உண்மை. மின்னணு இயந்திரம் வந்த பிறகு மற்றவர்களுக்குச் செல்லாத ஓட்டு என்பதே ஏறக்குறைய இல்லை. தபால் ஓட்டில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

பச்சை மை யாருடையது

ராதாபுரத்தில் எழுந்த கேள்வி சான்றொப்பமிட்டவரின் தகுதியைப் பற்றியது. சான்றொப்பமிடுகிறவர் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலராக, அதாவது கெசட்டட் ஆபீசராக இருக்க வேண்டும். அல்லது ஓட்டுப் போடுகிறவர் தேர்தல் பணி செய்யும் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலராக இருக்கலாம். ஆசிரியர்களுக்கு எளிதில் கிடைக்கும் பச்சை மைக் கையெழுத்து தலைமையாசிரியருடையது. மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் கெசட்டட் ஆபீசரா? ராதாபுரம் எண்ணிக்கையில் இல்லை என்று முடிவெடுத்தார்கள். 203 ஓட்டுகள் அந்தக் காரணத்தில் தள்ளப்பட்டன.

இதை எண்ணால் சொல்லிப் பார்க்கலாம். 203 உறைகளும் செல்லும், அத்தனையும் இந்த இருவருக்கே விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுவுக்கு 126, இன்பதுரைக்கு 77 என்று பிரிந்தால் வித்தியாசம் சரியாக 49. மொத்தத்தில் இருவரும் சமம். சமமானால் சட்டம் சொல்வது சீட்டுக் குலுக்கல். குலுக்கலில் வந்தவருக்கு ஒரு ஓட்டுக் கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்வார்கள். 127க்கு 76 என்றால் அப்பாவு வெற்றி. 125க்கு 78 என்றால் இன்பதுரை வெற்றி நிலைக்கும். மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்தவை, உள்ளே சீட்டிலேயே குறை உள்ளவை கழிந்தால் கணக்கு இன்னும் இறுகும். ஆக, திறக்காத அந்த உறைகள் முடிவை மாற்றியிருக்கவும் கூடும், மாற்றாமலே போயிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இரு வேட்பாளர்களுக்கும் தொகுதி மக்களுக்கும் உண்டு. இந்த வழக்கில் கட்சி பார்க்க வேண்டியதில்லை என்று நான் நினைப்பது அதனால்தான்.

கையெழுத்துக்கு முன்னால் கிடைக்கும் நேரம்

எண்ணிக்கை அறைக்குள் ஒரு வேட்பாளருக்கு இருக்கும் கடைசி ஆயுதம் மறு எண்ணிக்கை கோரும் மனு. எல்லாச் சுற்றும் முடிந்து, மொத்தக் கணக்கைப் படிவம் 20இல் நிரப்பி, தேர்தல் நடத்தும் அலுவலர் வாசிப்பார். அவர் அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பாக, எழுத்து மூலம், காரணத்தோடு மனுக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எண்ணக் கேட்கலாம், ஒரு பகுதியை மட்டும் எண்ணவும் கேட்கலாம். அலுவலர் ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். படிவம் 20இல் கையெழுத்து விழுந்துவிட்டால் அந்த அறையில் யாருக்கும் மறு எண்ணிக்கை நடத்த அதிகாரமில்லை. அதன் பிறகு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

நடைமுறையில் கட்சிகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. பொதுவாக ஒரு தொகுதிக்கு 14 மேசை போட்டு, ஒரு சுற்றுக்கு 14 வாக்குச்சாவடி இயந்திரங்களை எண்ணுவார்கள். விவரம் தெரிந்த ஏஜெண்டுகளை எல்லாம் அந்த மேசைகளில் உட்கார வைத்துவிட்டு, தபால் ஓட்டு மேசைக்குப் புதுப் பையனை அனுப்புகிற வழக்கம் எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. இயந்திரத்து மேசையில் ஏஜெண்டின் வேலை எளிது: ஓட்டுப் பதிவு நாளில் பூத் ஏஜெண்ட் வாங்கி வந்த, பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலில் உள்ள மொத்தமும் இயந்திரம் காட்டும் மொத்தமும் ஒன்றா என்று பார்த்தால் போதும். தபால் மேசையில் ஒவ்வொரு உறைக்கும் ஒரு சட்டக் கேள்வி எழுகிறது. எந்த உறை எந்தக் காரணத்துக்காகத் தள்ளப்பட்டது, யார் சான்றொப்பமிட்டது, ஆட்சேபம் தெரிவித்தோமா என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளாதவர், பிறகு கோர்ட்டில் நிரூபிக்கத் தடுமாறுவார்.

கோர்ட்டில் போன காலம்

தேர்தல் முடிவை எதிர்க்க ஒரே வழி தேர்தல் மனு. சாதாரண ரிட் மனுவில் முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 81ஆம் பிரிவின்படி, வெற்றி அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 46ஆம் நாள் வந்தால் எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் ஏற்க மாட்டார்கள். வழக்குச் செலவுக்கு ஈடாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும். எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் மனுவின் உண்மை நகல், ஒவ்வொன்றிலும் மனுதாரர் கையெழுத்து. இந்தச் சின்ன விஷயங்களில் தவறி, விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியான தேர்தல் மனுக்கள் ஏராளம்.

மனுதாரர் "இவர் வெற்றி செல்லாது" என்று மட்டும் கேட்கலாம். "நானே ஜெயித்தவன் என்று அறிவியுங்கள்" என்றும் சேர்த்துக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் ஜெயித்தவருக்கும் ஒரு வாய்ப்பு வருகிறது: விசாரணை தொடங்கிய 14 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்து, மனுதாரருக்கு விழுந்த ஓட்டுகளிலும் குறை உண்டு என்று எதிர்வாதம் வைக்கலாம். ஓட்டைத் தவறாக நிராகரித்ததோ தவறாக ஏற்றதோ முடிவைப் பாதித்தது என்று காட்டினால்தான் தேர்தல் செல்லாது என்று அறிவிக்க முடியும். நிராகரித்த ஓட்டு 203, வித்தியாசம் 49 என்னும்போது அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனாலும் ஓட்டின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பதால், கேட்டவுடன் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிடும் வழக்கம் நீதிமன்றங்களுக்கு இல்லை. முதலில் சாட்சியம், ஆவணம், குறுக்கு விசாரணை, பிறகே உத்தரவு.

அப்பாவு இரண்டு விஷயங்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். ஒன்று தபால் ஓட்டு. இன்னொன்று 19, 20, 21ஆம் சுற்றுகளில் எண்ணப்பட்ட இயந்திர ஓட்டுகள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன் 2019 அக்டோபர் 1 அன்று, தபால் ஓட்டுகளையும் அந்த மூன்று சுற்று ஓட்டுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டார். அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணிக்கை நடந்தது. இன்பதுரை உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். எண்ணலாம், முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அன்றே இடைக்காலத் தடை விதித்தது. தடை நீண்டது. 2021 மேயில் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. அதுவரை முடிவு வெளியாகவில்லை.

இந்தக் கால அளவைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். தேர்தல் மனுவைத் தாக்கல் செய்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தின் 86ஆம் பிரிவே சொல்கிறது. "முடிக்க வேண்டும்" என்று சொல்லவில்லை, "முயல வேண்டும்" என்கிறது; அந்த ஒரு சொல் வழியாகத்தான் ஆண்டுகள் ஒழுகிப் போகின்றன. ராதாபுரத்தில் முடிவு வந்த நாளிலிருந்து மறு எண்ணிக்கை உத்தரவு வர மூன்று ஆண்டு நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் சபையில் அந்த உறுப்பினர் போட்ட ஓட்டுகள் என்ன ஆகும் என்றால், ஒன்றும் ஆகாது. பிறகு ஒருவரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் அவர் அதுவரை சபையில் பங்கேற்றது செல்லும் என்று 107ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. சபை நடக்க அது தேவைதான். ஆனால் தொகுதி மக்களுக்கு இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தர எந்தப் பிரிவும் இல்லை. ஆறு மாதக் கெடுவைக் கட்டாயமாக்கி, இதற்கென்றே தினசரி விசாரணை நடத்தும் அமர்வு வைக்காமல் இது தீராது. இன்பதுரைக்கும் இதே அநியாயம்தான் நடந்தது: உண்மையிலேயே ஜெயித்தவராக இருந்திருந்தால், சந்தேகத்தின் நிழல் விலகாமலே அவர் ஐந்து ஆண்டும் உறுப்பினராக இருக்க வேண்டியதாயிற்று.

நெல்லைக்குப் பழகிய நூலிழை

இந்த வட்டாரத்தில் நூலிழை முடிவுகள் ராதாபுரத்தோடு நிற்கவில்லை. திருநெல்வேலி தொகுதியில் நயினார் நாகேந்திரன் 2006இல் திமுகவின் மாலைராஜாவிடம் 606 ஓட்டில் தோற்றார். 2016இல் திமுகவின் ஏ.எல்.எஸ்.லட்சுமணனிடம் 601 ஓட்டில். இடையில் 2011இல் அதே தொகுதியில் ஜெயித்தார், 2021இல் பாஜக வேட்பாளராக மறுபடியும் ஜெயித்தார். சாதி, சமயம், கட்சி எல்லாம் ஏறக்குறையச் சமபலத்தில் நிற்கும் தொகுதிகளில் ஒரு தெரு ஓட்டு இந்தப் பக்கம் சாய்ந்தால் முடிவு மாறிவிடும்.

2019 நவம்பர் வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த தென்காசியில் 2021இல் நடந்தது இன்னும் நேரடியாகப் பொருந்துகிறது. காங்கிரஸின் பழனி நாடார் 370 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற அதிமுக வேட்பாளர் செல்வமோகன்தாஸ் பாண்டியன் தேர்தல் மனுப் போட்டார். தபால் ஓட்டுகளை மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2023 ஜூலையில் தென்காசியிலேயே எண்ணிக்கை நடந்தது. பழனி நாடாரின் வெற்றி மாறவில்லை. இரண்டு ஆண்டு ஆனாலும், உறை திறந்தது, கணக்கு வெளியே வந்தது, சந்தேகம் தீர்ந்தது. ராதாபுரத்துக்கு இவ்வளவு கிடைத்திருந்தாலே போதும்.

சபாநாயகர் நாற்காலி

பழைய திருநெல்வேலிச் சீமைக்கும் சபாநாயகர் பதவிக்கும் நீண்ட உறவு உண்டு. 1962 முதல் 1967 வரை செல்லப்பாண்டியன். நெல்லை வண்ணார்பேட்டை மேம்பாலம் இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது. 1967இல் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து போன சி.பா.ஆதித்தனார். 1985 முதல் 1989 வரை சேரன்மகாதேவி பி.எச்.பாண்டியன், அந்தத் தொகுதியே 2008 மறுவரையறையில் இல்லாமல் போய்விட்டது. 2006 முதல் 2011 வரை அம்பாசமுத்திரம் இரா.ஆவுடையப்பன். அந்த வரிசையில் அப்பாவு ஐந்தாமவர். அவர் காலத்தில் அதிகம் பேசப்பட்டது ஆளுநர் உரை விவகாரம். 2024 பிப்ரவரி 12 அன்று ஆளுநர் உரையைச் சில நிமிடங்களில் முடித்துக்கொள்ள, அதன் தமிழ் வடிவத்தைச் சபாநாயகராக அப்பாவு முழுவதும் வாசித்தார். சபாநாயகர் சாதாரணமாக ஓட்டுப் போடுவதில்லை. இரு பக்கமும் சமமாக நிற்கும்போது மட்டுமே அவருக்கு ஓட்டு.

இப்போது மாறியவை

தபால் ஓட்டில் விதிகள் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. வெற்றி வித்தியாசம், செல்லாது என்று தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் தள்ளிய ஓட்டுகள் அத்தனையையும் தேர்தல் நடத்தும் அலுவலரும் பார்வையாளரும் மறுபடி சரிபார்க்க வேண்டும், அதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். 49க்கு 203 போன்ற நிலைமைக்கு அளந்து வைத்தது போன்ற விதி இது. எண்ணிக்கை ஏஜெண்டுகள் இதை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. பரபரப்பான கடைசி நேரத்தில் நினைவிலிருந்து வாதாட முடியாது.

2023இல் தேர்தல் நடத்துவது பற்றிய விதிகளைத் திருத்தினார்கள். தேர்தல் பணியில் இருப்பவர் தபால் ஓட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அனுப்பும் வழக்கம் போய், பயிற்சி நடக்கும் இடத்து வசதி மையத்திலேயே வாங்கி, அங்கேயே போட்டு, அங்கேயே பெட்டியில் சேர்க்க வேண்டும் என்றாகிவிட்டது. சான்றொப்பமிடத் தகுதியுள்ள அதிகாரியை அங்கேயே உட்கார வைக்கிறார்கள். நடுநிலைப் பள்ளியா, மேல்நிலைப் பள்ளியா என்ற கேள்விக்கு இனி இடம் குறைவு. ஆனால் மையத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கும்போது அந்த அதிகாரியின் கை சோர்ந்துபோகும். கையெழுத்து இருக்கும், பதவி இருக்காது. பதவி இருக்கும், முத்திரை பக்கத்துத் தாளில் விழுந்திருக்கும். ஓட்டுப் போடும் ஆசிரியர் 13ஏ தாளை வெளியுறைக்குள் வைக்கும் முன், தன் கையெழுத்து, ஓட்டுச்சீட்டின் வரிசை எண், அதிகாரியின் கையெழுத்து, பெயர், பதவி, முத்திரை என்ற ஆறையும் ஒரு முறை விரல் வைத்துப் பார்த்துவிட வேண்டும். அதில் ஒன்று குறைந்தால், உள்ளுறைக்குள் யாருக்கு ஓட்டு இருந்தாலும் எண்ணும் மேசையில் அது திறக்கப்படாது.